ஏறி நின்று பார்ப்பவர்

ஓவர்சீயரக்கா எதையும் கண்ணால் பார்த்து நம்புகிறவர் அல்ல. ஏறி நின்று பார்ப்பார். புது நாற்காலி வாங்கினால் உட்காருவதற்கு முன் அதன் மேல் ஏறி நிற்பார். கட்டில், பெஞ்சு, தண்ணீர்த் தொட்டி மூடி, என் கடை வாசலில் கிடக்கும் மரப்பெட்டி, எல்லாவற்றின் மேலும் ஒரு தடவையாவது அவர் கால் பட்டிருக்கும். ஆள் நல்ல கனம். ஏறி நின்று இரண்டு குதிகாலையும் லேசாகத் தூக்கி இறக்குவார். சத்தம் வந்தால் முகம் சுருங்கும். வராவிட்டால் "ம்" என்று சொல்லிவிட்டு இறங்குவார்.

எங்கள் கடை மீனாட்சிபுரத்தில் ஸ்டேஷனுக்குப் போகும் ரோட்டில் இருக்கிறது. ஆணி, ஸ்க்ரூ, பெயின்ட், பைப்பு, பிளைவுட் விற்கிற கடை. அவர் பஞ்சாயத்தில் ஓவர்சீயராக இருந்து ரிட்டயர் ஆனவர். சொந்த ஊர் இடுக்கி, மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட். டிப்ளமா படித்து, வேலை கிடைத்து, பல ஊர்களில் இருந்துவிட்டுக் கடைசியில் எங்கள் பக்கம் மாற்றலாகி வந்தார். கடைக்குப் பின் தெருவில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டார். கணவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார். ஒரே மகன் ஜெர்மனியில் வேலை பார்த்தான். அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊருக்கே அவர் ஓவர்சீயரக்காதான். எங்களுக்கு நடுவில் இருந்தும் கடைசி வரைக்கும் அவர் பேச்சில் எங்கள் 'ஏனுங்க' ஏறவே இல்லை. அங்கிட்டு, இங்கிட்டு என்றுதான் பேசுவார்.

ரிட்டயர் ஆன கொஞ்ச நாளில் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். மேற்கு அறையில் மூன்று சுவர்களையும் ஒட்டி இடுப்பு உயரத்துக்கு ஒரு மேசை வேண்டும், ஆனால் மேலே பலகை வேண்டாம், வெறும் சட்டம் போதும் என்றார். எதற்கு என்று கேட்டேன்.

"ரயில் விடறதுக்கு."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மகன் வேலைக்குப் போய் முதல் தடவை ஊருக்கு வந்தபோது ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தான். அதில் ஒரு இன்ஜின், சில கோச்சுகள், ஒரு கட்டு தண்டவாளம். எல்லாம் நிஜ ரயிலை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கியது. கரண்டில் ஓடுவது. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ரயில் பைத்தியம். "அடுத்த தடவை வர்றப்ப இதைப் போட்டுக்கலாம்மா" என்று பெட்டியைப் பரணில் வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு கல்யாணத்துக்கு ஒரு தடவையும் இன்னொரு தடவையும் வந்தான். இரண்டு தடவையும் பெட்டியை இறக்க நேரமில்லை.

"தண்டவாளம் அவன்தான் போடணும். அது அவன் வேலை. அதுக்கு அடியில உள்ளதை நான் செஞ்சு வச்சுட்டா வந்ததும் போட்டுடலாம்ல" என்றார்.

மரம் இடுக்கியிலிருந்து வந்தது. எஸ்டேட்டுகளில் தேயிலைக்கு நிழலுக்காக வளர்க்கிற சில்வர் ஓக். அவருடைய தம்பி பலகையாக அறுத்து லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார். அதை உடனே தொடவிடவில்லை. மலைக் காற்றில் இருந்த மரம் எங்கள் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்குப் பழகட்டும் என்று ஒரு மழைக்காலம் முழுக்க அறையிலேயே அடுக்கி வைத்திருந்தார். அதன் பிறகுதான் ஆசாரி வேலையைத் தொடங்கினார். ஸ்க்ரூ எல்லாம் அடியிலிருந்து மேல் நோக்கிப் போக வேண்டும், அப்போதுதான் பின்னால் கழற்றி நகர்த்த முடியும் என்றார் அக்கா. காலுக்கு அடியில் திருகி ஏற்றி இறக்குகிற மாதிரி போல்ட் வைக்கச் சொன்னார். சட்டம் நின்றதும் ரசமட்டத்தை மூலைக்கு மூலை வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி சட்டத்தின் மேல் நின்றார். நின்றது மட்டுமல்ல, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் குறுக்குச் சட்டங்களின் மேல் கால் வைத்து நடந்தார். நடுவில் ஓரிடத்தில் கிறீச்சென்றது.

"இதைப் பிரிங்க" என்றார்.

ஆசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க்கா, இந்த ரயிலு மொத்தம் ஒரு படி அரிசி கனம் வருமுங்களா? தட்டு வெக்கற பலகை மேல மாடு ஏறுமுங்களா?"

"ஏறாதுன்னு யாரு சொன்னா?"

ஆசாரி பிரித்தார். இரண்டாவது தடவை சத்தம் வரவில்லை.

அவர் வேலையில் இருந்த காலத்துக் கதை ஒன்றும் இதே மாதிரிதான். அதை நானே பார்த்தேன். கால்வாய் மேல் ஒரு புதுக் கலுங்கு கட்டியிருந்தார்கள். வண்டி போகிற அளவுக்குச் சின்னப் பாலம். காண்ட்ராக்டர் கையெழுத்துக்காக நின்றுகொண்டிருந்தார். அக்கா ஜல்லி ஏற்றிய ஒரு டிப்பர் லாரியை வரவழைத்தார். லாரி வந்ததும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வறண்ட கால்வாய்க்குள் இறங்கி, கலுங்குக்கு அடியில் ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

"வண்டியை விடச் சொல்லுங்க" என்று உள்ளே இருந்து குரல் வந்தது.

"மேடம், வெளிய வாங்க மேடம். எதுக்கு இதெல்லாம்" என்றார் காண்ட்ராக்டர்.

"நீங்களும் வாங்க. பேசிக்கிட்டு இருப்போம்."

சுற்றிலும் ஆட்கள் நின்று பார்த்ததால் அவருக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. இறங்கிப் போய் அக்காவுக்குப் பக்கத்தில் குந்தினார். லாரி மெதுவாக ஏறி, நடுவில் நின்று, இறங்கிப் போனது. இரண்டு பேரும் தலையில் சிமென்ட் தூசியோடு வெளியே வந்தார்கள். அக்கா அங்கேயே கையெழுத்துப் போட்டார். அந்த காண்ட்ராக்டர் பின்னொரு நாள் பெயின்ட் வாங்க வந்தபோது என்னிடம் சொன்னார்: "அந்தம்மா கலுங்கைப் பார்த்தாங்களா, என்னையப் பார்த்தாங்களான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலீங்க."

எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை. என்னையும் பார்த்தவர்தான் அவர்.

சட்டம் முடிந்து, அதன் மேல் சின்னச் சின்ன முட்டுகள் நிறுத்தி, அந்த முட்டுகளின் மேல் ரயில் போகிற பாதைக்காகப் பிளைவுட்டை வளைவாக அறுத்துப் பொருத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. பிளைவுட்டின் மேல் கார்க் ஷீட்டை நாடா மாதிரி வெட்டி ஒட்ட வேண்டும். அதுதான் பாதைக்கு மெத்தை. ரயில் ஓடுகிற சத்தத்தை அது வாங்கிக்கொள்ளும். கார்க் ஷீட் என் கடையில் கிடையாது. பொள்ளாச்சியில் வண்டிகளுக்கு கேஸ்கெட் வெட்டுகிற கடையில் கிடைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா என் வீட்டுக்கே வந்தார். அன்றைக்கு என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான். வீட்டில் எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தோம்.

"தம்பி, கார்க் ஷீட் இன்னைக்கே வேணும்."

"நாளைக்கு வாங்கியாறனுங்க்கா. இன்னைக்குக் காதுகுத்துங்க."

"இன்னைக்கே வேணும்" என்று திரும்பவும் சொன்னார். நின்றுகொண்டே இருந்தார்.

என்ன நினைத்தேனோ, பைக்கை எடுத்துக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போனேன். ஞாயிறு என்பதால் கடை பூட்டியிருந்தது. கடைக்காரர் வீட்டைத் தேடிப் பிடித்துத் திறக்கவைத்து வாங்கி வந்தேன். வழியில் மழை. சட்டையைக் கழற்றி ஷீட்டைச் சுற்றிக்கொண்டு வந்தேன். நான் காதுகுத்துக்குப் போய்ச் சேரும்போது குழந்தை அழுது முடித்துத் தூங்கிவிட்டிருந்தது. தங்கை என்னோடு பேசவில்லை.

அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் அக்கா வீட்டுக்குப் போனபோது ஷீட் சுருட்டியபடியே மூலையில் கிடந்தது. பிளைவுட் வேலையே பாதிதான் முடிந்திருந்தது.

"ஏனுங்க்கா, அன்னைக்கே வேணும்னீங்க."

"ஆமா. அன்னைக்கே கொண்டாந்தியா இல்லையா?" என்றார்.

எனக்குப் புரிந்தது. கோபத்தில் கொஞ்ச காலம் அந்தப் பக்கம் போகவில்லை. அவரும் கூப்பிடவில்லை. பிறகு என் மனைவிக்கு கர்ப்பப்பை ஆபரேஷன் என்று பாலக்காட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, யாரும் சொல்லாமலேயே ஒரு துணிப்பையோடு வந்து சேர்ந்தார். டிஸ்சார்ஜ் ஆகிற வரைக்கும் போகவில்லை. என் மனைவியைத் தாங்கி பாத்ரூமுக்குக் கூட்டிப்போனார், துணி மாற்றினார், பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கினார். நன்றி சொன்னதற்கு, "நீயும் வருவேன்னு தெரியும்ல" என்றார். அவருக்கு அது தெரிந்திருந்தது. மற்றவர்களெல்லாம் ஒருவரையொருவர் நம்பிக்கொண்டிருக்கும்போது அவர் தெரிந்துவைத்திருந்தார். அதற்கு என் தங்கை மகள் காதுகுத்து செலவாயிற்று.

எல்லோரும் என்னைப் போல இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு ரிட்டயர்டு டீச்சர் இருந்தார். தினமும் சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டுப் போவார். இரண்டு பேரும் பெரிதாக ஒன்றும் பேச மாட்டார்கள். டீச்சர் பேப்பர் படிப்பார். அக்கா கார்க் நாடாவின் ஓரத்தை உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்துக்கொண்டிருப்பார். ஒரு தடவை டீச்சர் கோயமுத்தூரில் மகள் வீட்டுக்குப் போகக் கிளம்பியபோது, பயணத்தைத் தள்ளிப்போடச் சொன்னார் அக்கா. தம்பி வீட்டு விசேஷத்துக்காக எஸ்டேட்டுக்குப் போக வேண்டும், வரும் வரைக்கும் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், பசை காய்ந்துகொண்டிருக்கிறது என்றார். பேரன் பிறந்தநாளுக்காகப் போக இருந்தவர் டீச்சர். இருந்தாலும் தங்கினார். அக்கா மறுநாள் மதியமே திரும்பி வந்துவிட்டார். விசேஷம் என்று ஒன்றும் இருக்கவில்லை என்பது எப்படியோ டீச்சருக்குத் தெரிந்துவிட்டது.

அன்று நானும் அங்கே இருந்தேன். டீச்சர் சாவியைக் கொண்டுவந்து மேசைச் சட்டத்தின் மேல் வைத்தார்.

"என்னைப் போட்டு மிதிச்சுப் பாக்காதீங்க. நான் பலகை இல்லீங்க" என்றார். குரல் உயரவில்லை. அதற்குப் பிறகு அவர் டீ குடிக்க வரவே இல்லை.

"டீச்சர் நல்லவங்கதான். தாங்கலை" என்றார் அக்கா என்னிடம்.

"ஒரு டம்ளர் டீயைத் தாங்கற சிநேகமுங்க்கா. அது பாட்டுக்கு நெம்ப வருசம் இருந்திருக்கும். அவ்வளவு போதாதுங்களா?"

அவர் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். சாயங்கால டீ அதற்குப் பிறகும் இரண்டு டம்ளருக்குத்தான் போட்டார் என்று என் மனைவி சொன்னாள். அவள் கண்ணில் இந்த மாதிரி விஷயங்கள் படும்.

பாதை வேலை ஒருவழியாக முடிந்து வந்தது. ரோடு போட்டே பழகியவர் என்பதால் முதலில் ஒரு தப்பு செய்திருந்தார். மழைத் தண்ணீர் வடிய ரோட்டுக்கு நடுவில் மேடும் ஓரங்களில் சரிவும் வைப்பார்களே, அதே மாதிரி கார்க்குக்கும் வைத்துவிட்டார். மகன் வீடியோ காலில் பார்த்துவிட்டு, "அம்மா, குறுக்கால மட்டமா இருக்கோணும்மா. இல்லீன்னா வண்டி சாயும்" என்றான். முழுவதையும் உரித்து எடுத்துத் திரும்ப ஒட்டினார். "மழை பெய்யாத ஊருக்கு இப்பத்தான் மொத தடவையா ரோடு போடறேன்" என்றார். அவர் அப்படிச் சொன்னதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தோம். ஏற்றம் நூறுக்கு இரண்டைத் தாண்டக் கூடாது என்று எல்லா முட்டுகளையும் உப்புத்தாள் கனத்துக்கு ஏற்றி இறக்கினார். கதவுப் பக்கம் தாழ்வாகத் தொடங்கி, ஜன்னல் ஓரமாக ஏறி, மூலையில் வளைந்து போகும் அந்தப் பழுப்பு நிறப் பாதையை நான் பல தடவை நின்று பார்த்திருக்கிறேன். தண்டவாளம் மட்டும்தான் இல்லை.

இப்படி வீடியோ காலில் பேசும்போதெல்லாம் நான் கவனித்த ஒன்று உண்டு. அக்கா மகனிடம் பாதையைக் காட்டுவார், வளைவைக் காட்டுவார், சாப்பிட்டாயா என்று கேட்பார். எப்போது வருகிறாய் என்று மட்டும் கேட்க மாட்டார். அவன் "சூப்பர்மா" என்பான். அவர் "சரிப்பா, வேலையைப் பாரு" என்று வைத்துவிடுவார். ஊரில் எல்லோரிடமும் எதையாவது கேட்டுப் பார்த்தவர் அவனிடம் ஒரு சட்டைத் துணிகூடக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவனுக்கு வேலை அதிகம் என்பார்.

ஒரு நாள் கொல்லையில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. நானும் என் மனைவியும் பொள்ளாச்சியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள்.

"ஜெர்மனியில தம்பிக்குப் போன் பண்ணீரட்டுமுங்களா?"

"வேண்டாம்."

"ஆபரேசனுங்க்கா. சொல்லாம இருக்க முடியுமுங்களா?"

"சொல்லாதன்னா சொல்லாத." வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் மேலே ஃபேனையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "கூப்பிட்டு வரலைன்னா?"

கையிலிருந்த போனைச் சட்டைப் பையில் போட்டேன்.

"மத்தவங்க வரலைன்னா விட்டுட்டுப் போயிருவேன். இவன் வரலைன்னா நான் எங்கிட்டுப் போறது?"

அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வராந்தாவுக்கு வந்து அவனுக்குப் போன் செய்தேன். அவர் சொன்னதை மீறுகிறோம் என்று தெரிந்துதான் செய்தேன். அவன் இரண்டு மூன்று கேள்விகள் கேட்டான். டாக்டரின் பெயர், ரத்தம் கொடுக்க வேண்டுமா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள். பிறகு "வர்றேனுங்கண்ணா" என்று வைத்துவிட்டான். ஆபரேஷன் முடிந்த மறுநாள் நேராக ஏர்போர்ட்டிலிருந்து வந்து சேர்ந்தான்.

ஒரு வாரம் இருந்தான். பகல் முழுக்க ஆஸ்பத்திரி. குளிக்க மட்டும் வீட்டுக்கு வருவான். ஒரு நாள் சாவியோடு நானும் கூட வந்தேன். மேற்கு அறைக்குள் போனவன் வெகு நேரம் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். பரணிலிருந்து பெட்டியை இறக்கி, ஒரு துண்டுத் தண்டவாளத்தைப் பாதையின் மேல் வைத்து, இன்ஜினை அதன் மேல் நிறுத்தி, விரலால் முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டான்.

"இது மேல நிஜ லாரியே போகுமுங்கண்ணா" என்றான்.

"அக்கா நடந்தே பாத்தாங்க."

அவன் கார்க்கின் ஓரத்தைத் தடவினான். "அம்மா எல்லார்கிட்டயும் ஏதாவது கேப்பாங்க. உங்ககிட்ட, டீச்சர்கிட்ட, மாமாகிட்ட. சின்ன வயசுல இருந்து பாக்கறேன். எங்கிட்ட மட்டும் இதுவரைக்கும் ஒண்ணுமே கேட்டதில்லை. என் மேல நம்பிக்கை இல்லைன்னு நெனச்சுட்டேன். அதான் நானும் வந்து நிக்கல."

அவன் போன பிறகு அக்கா டிஸ்சார்ஜ் ஆகித் தன் வீட்டுக்கு வந்தார். என் மனைவி பார்த்துக்கொண்டாள். என்னிடம் மட்டும் பேசவில்லை. ஒரு நாள் மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்தபோது சொன்னார்:

"நீ கூப்பிட்டு வந்தான். நான் கூப்பிடலை. இனிமே எனக்கு எப்படித் தெரியும்?"

"வந்தானுல்லங்க்கா. அது போதாதுங்களா?"

"ஆபரேஷன்னு யாரு சொன்னாலும் வருவான். ஊர் என்னா சொல்லும்னாவது வருவான். அது சேர்த்தி இல்லை."

அப்போதுதான் அவன் மேற்கு அறையில் சொன்னதைச் சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "திரும்பச் சொல்லு" என்றார். திரும்பச் சொன்னேன். "நம்பிக்கை இல்லைன்னா நெனச்சான்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

கைத்தடியோடு நடக்க ஆரம்பித்த பிறகு, கூட்டமில்லாத ஒரு மத்தியானம் கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரைப் போட்டார். எழுந்து போகப் பார்த்த என்னை உட்காரச் சொல்லிக் கை காட்டினார்.

"என்னம்மா, ஒடம்புக்கு என்ன?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லை. எனக்கு இங்கிட்டு தனியா முடியலை. நீ வந்து என்னையக் கூட்டிட்டுப் போ."

அந்தப் பக்கம் ஏதோ கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று நான் போனைப் பார்த்தேன். அக்கா பார்க்கவில்லை. கைத்தடியின் பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"எவ்வளவு நாளைக்கும்மா?"

"எவ்வளவு நாளைக்குன்னு சொல்லத் தெரியலை."

"சரிம்மா" என்றான். "சித்திரைக்குள்ள வர்றேன்."

சித்திரையில் வரவில்லை. பேப்பர் வேலை முடியவில்லை என்றான். வைகாசி என்றான். வைகாசியில் அவனுடைய மனைவிக்கு உடம்பு சரியில்லை. அக்காவின் பெட்டி கட்டி வாசல் அறையில் இருந்தது. தெருவில் எல்லோருக்கும் தெரியும். சிலர் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் ஒரு நாள் வேலி ஓரமாக வந்து நின்று, "வந்துருவான்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அக்கா மறுபடியும் போன் செய்து கேட்கவில்லை, ஆனால் தூங்கவும் இல்லை. கன்னமெல்லாம் ஒட்டிப்போயிற்று. தேவையில்லாமல் அவன் சொன்னதை அவரிடம் சொல்லிவிட்டோமோ என்று எனக்கே தோன்றியது.

ஆடிக் காற்று தொடங்கிய பிறகு வந்தான். வீட்டை என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது, மேசையைப் பிரித்துவிடலாமா என்று கேட்டான். "கெடக்கட்டும்" என்றார் அக்கா. இப்போது அந்த வீட்டில் தையல் வேலை செய்கிற அக்கா தங்கை இரண்டு பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். சட்டத்தின் மேல் ஒரு பிளைவுட்டைப் போட்டுத் துணி வெட்டுகிறார்கள். இன்ஜின் பெட்டியை மகன் கையோடு கொண்டுபோய்விட்டான்.

கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்கு என் வண்டியில்தான் போனோம். நான் ஓட்டினேன். அவர்கள் இரண்டு பேரும் பின் சீட்டில். பொள்ளாச்சி தாண்டுவதற்குள் அக்கா மகனின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. குறட்டைகூட வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். அவன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

கிணத்துக்கடவு வந்ததும், "தோள் மரத்துப்போச்சுங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாங்கண்ணா" என்றான் மெதுவாக.

வண்டியை ஓரம் கட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினான். ஏர்போர்ட் வரும் வரைக்கும் அவன் அசையவில்லை.